நாள் தெரியாதவர்கள்

இன்று பழைய பெட்டியொன்றிலிருந்து எழுந்த பூச்சி உருண்டை வாசம், 1986இல் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் அப்பா துப்புரவு வேலை பார்த்த அருங்காட்சியகத்தின் பசிபிக் தீவுகள் அறைக்கு என்னை இழுத்துப்போனது. இப்போது அந்த அறை இல்லை. பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் அப்பாவின் ஈரத்துணி கண்ணாடிகளில் கிறீச்சிட, சிப்பி பதித்த துடுப்புகளிடையே நிலைகொள்ளாமல் சுற்றும் நான், கடைசியில் ஒரு மண்டையோட்டின் முன்தான் நிற்பேன். அதை எடுத்துவந்த ஐரோப்பியக் கப்பல் தலைவரின் பெயரும் எடுத்த ஆண்டும் அட்டையில் இருந்தன. மண்டையோட்டுக்குரிய மனிதரின் பெயரோ இறந்த நாளோ இல்லை. நாள் இல்லாத எதையும் என்னால் அன்றும் கடக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

அந்தக் கோடையில் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தந்தை, என் அப்பப்பா, இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. எந்த நாளென்று அதில் இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராததால் அப்பாவால் போகவும் முடியவில்லை. திதி தெரியாததால், தந்தையரை நினைக்கும் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து, வாழையிலை கிடைக்காமல், இரண்டு தட்டுகளில் படைத்தார்.

"மற்றது ஆருக்கப்பா? பசி தாங்கேல்லையோ?" என்று அம்மா சீண்டினார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருக்கிற மனிசனுக்கு. அவர் செத்த நாளும் ஒருத்தருக்கும் தெரியாதெல்லே. அவற்ரை பிள்ளையளும் தேடியிருக்குங்கள்."

"தீவு மனிசன், மரக்கறி சாப்பிடுவாரோ?" என்று கேட்ட அம்மா, பதிலுக்குக் காத்திராமல் அந்தத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.