கமலா மரத்தடிச் சருகு

கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடுவார்கள். என் தலையில் மூன்று கமலா ஆரஞ்சு மரங்களைக் கட்டினார்கள். சவாயி தீவில் எங்கள் ஊருக்குக் கிடைத்த ஒட்டுக்கன்றுகளே அந்த மூன்றுதான். பிழைத்தால் அவற்றில் மொட்டு எடுத்து, ஒட்டுக்கட்டி, நாற்பது வீட்டுக்கும் கன்று உண்டாக்கலாம். செத்தால் ஊரே பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

“ஏசேதா வீட்டுல நடுவோம். அவ ஒண்ணும் சொல்லமாட்டா” என்றார் மகளிர் குழுத் தலைவி மசினா அத்தை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

விவசாய அலுவலகத்துத் தோமாசி வந்து நட்டுக் கொடுத்தான். “வெயில் காலம் அக்கா. அடியில சருகு, தென்னை ஓலை எல்லாம் கனமா மூடாக்குப் போடுங்க. எடுத்துடாதீங்க.”

தலையாட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை மகளிர் குழு முற்றம் பார்க்க வந்தது. எங்கள் ஊரில் முற்றத்தில் சருகு கிடந்தால் ஒரு டின் பிஸ்கட் அபராதம்.

“என்ன புள்ள இது, பன்னி கூடு கட்டியிருக்கா? எல்லாத்தையும் வாரிப் போடு” என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அவருக்கும் தலையாட்டினேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான், ஆனாலும் ஒரு பெரிய திட்டம் போட்டேன். வியாழன் காலையில் மூடாக்கை வாரிப் பன்றிக்கொட்டிலுக்குப் பின்னால் கொட்டுவேன். குழு போனதும் திரும்பக் கொண்டுவந்து போடுவேன். மண் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று நன்றாகச் சுரண்டியும் விடுவேன். கமலாவின் சல்லி வேர்கள் மேலாகவே ஓடும் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து வாரத்தில் இலைகள் மஞ்சளாயின.

“உன்ன மாதிரியே அதுவும் எல்லாருக்கும் தலையாட்டி அலுத்துப்போச்சு போல” என்றார் என் கணவர் பிலி.

ஆறாவது வியாழன் தோமாசியும் குழுவும் ஒரே நேரத்தில் வந்தார்கள். பாதி ஓலையைக் கட்டிப்பிடித்தபடி நான் நின்றேன். தோமாசி குனிந்து மண்ணைப் பார்த்தான்.

“வேரை யாருக்கா இப்படிச் சுரண்டுனது?”

பதினோரு பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னேன். “நான்தான். அத்தைக்காக எடுப்பேன், உனக்காகப் போடுவேன்.”

“வாராவாரமா? பைத்தியக்காரி! அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?” என்றார் அத்தை.

“தின்னுருவீங்கன்னுதான் நெனச்சேன்.”

அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மரத்தைச் சுற்றி வெள்ளைக் கல் அடுக்க வேண்டும். கல்லுக்கு உள்ளே கிடந்தால் மூடாக்கு, வெளியே கிடந்தால் குப்பை. ஏமாற்றியதற்கு எனக்கு இரண்டு டின் பிஸ்கட் அபராதம்.

மழை வந்ததும் இரண்டு மரங்கள் துளிர்த்தன. மூன்றாவது நின்றபடியே காய்ந்தது. யாரும் கேட்கவில்லை. நானாகவே அத்தை வீட்டுக்குப் போய், வெளியே கால்மணி நேரம் நின்றுவிட்டுச் சொன்னேன்.

“ஒண்ணு செத்துப்போச்சு அத்தை.”

“ரோட்டுலேருந்தே தெரியுதே. மத்த ரெண்டுல மொட்டு எடுப்போம், கொஞ்சம் மெதுவா ஆகும், அவ்வளவுதான். உள்ள வா, கோகோ ஆறுது.”