செம்மறியாடும் என் தலைமயிரும்

என் தலைமயிர் ஒன்று யார் கையிலாவது அகப்பட்டால் போதும், அதைக்கொண்டு இன்னொரு என்னைச் செய்துவிடுவார்கள் என்று பத்து வயதில் முழுமனதாக நம்பினேன்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. செஸ் ஆட்டத்தில் உலகச் சம்பியனை ஒரு கணினி தோற்கடித்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு குட்டி வண்டி ஓடியது. ஒரு செம்மறியாட்டின் மடியிலிருந்து எடுத்த உயிர்க்கலத்தைக்கொண்டு, அச்சு அசலாக இன்னோர் ஆட்டை உண்டாக்கிவிட்டதாக அறிவித்தார்கள். நீர்வேலியில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. விஞ்ஞானம் பற்றரி ரேடியோ வழியாகவும், அம்மாவின் தம்பியும் ரியூசன் மாஸ்ரருமான மாமா வழியாகவும்தான் வந்தது. மாமா கொஞ்சம் கூட்டியே கொண்டுவருவார்.

“ஆட்டுக்குத்தான் மடி. மனிசனுக்கு மயிர் ஒண்டு காணும்,” என்றார், என் கணக்குக் கொப்பியைப் புரட்டியபடி. “உன்னைப்போலவே ஒருத்தன் வருவான். ஆனால் அவன் கணக்குச் செய்வான்.”

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை. “அப்ப எனக்கும் ஒண்டு சொல்லிவை, தம்பி.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிறவன் கணக்கும் செய்து பாவற்காயும் சாப்பிடுவான் என்றால், என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

அடுத்த கிழமையே, எனக்கு மொட்டையடிக்க ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஒரு மயிருக்கே ஒருத்தன் என்றால், முழுத் தலைக்கு ஒரு பள்ளிக்கூடமே வரும். அம்மா அர்ச்சனைச் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, நிலத்தில் கிடந்ததையெல்லாம் வாரித் துணிப்பைக்குள் அடைத்தேன். எனக்கு முன் மொட்டையடித்த கிழவரின் மயிரும் சேர்ந்து வந்துவிட்டது. பாதி நரை.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடி. பஸ்ஸால் இறங்கி, பைகளைத் திறந்து காட்டவேண்டும். ஆமிக்காரன் என் பைக்குள் கையை விட்டு, விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான். விரலெல்லாம் மயிர். சந்தனம் பூசிய என் தலையைப் பார்த்தான், திரும்பவும் நரையைப் பார்த்தான். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அழுதபடியே ஆடு, மயிர், கணக்கு என்று விஞ்ஞானம் முழுவதையும் ஒப்புவித்தேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. போகச் சொன்னான்.

அம்மாவுக்கு விளங்கியிருந்தது. பஸ் ஏறியதும் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஒருத்தனை வைச்சிருக்கவே நான் பட்ட பாடு காணும். இன்னொருத்தன் ஆருக்கு வேணும்?”

என் கணக்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முந்திய வருடம் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் இருந்தபோது, எனக்கு மலேரியா வந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த நேர்த்தி அப்போது வைத்தது.