கோமதியின் கைராசி

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தவன் நான். பழியைச் சுமந்தவள் கோமதி.

பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன கணமே சந்தேகம் வருகிறது... உண்மையில் நான்தானா? நாங்கள் இருவருமா? மூன்று கம்ப்யூட்டர்களுக்கு ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். அவற்றின் மேல் இரண்டு பேருடைய கைகள். இதில் எந்தக் கை குற்றவாளி? நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நான் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு... சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் எங்கள் கடை வழியாகத்தான் நடக்கும். ஒரு கம்ப்யூட்டர் எனக்கு, ஒன்று கோமதிக்கு, மூன்றாவது அச்சடிக்கும் மெஷினுக்கு. ஒரு மழைக்காலத்தில் எலி வயர்களைக் கடித்து இரண்டு கீபோர்டுகளும் இரண்டு மவுஸ்களும் போய்விட்டன. முதலாளி "வாங்கலாம், வாங்கலாம்" என்றே காலத்தை ஓட்டினார்.

நான் சும்மா இருந்தேனா? எங்கிருந்தோ ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து ஏற்றினேன். மவுஸின் அம்புக்குறி என் திரையின் ஓரத்தைத் தாண்டினால் கோமதியின் திரைக்குள் நுழையும். அதையும் தாண்டினால் மெஷினின் திரை. அம்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் கீபோர்டும் எழுதும். ஒன்றில் காப்பி எடுத்த படத்தை இன்னொன்றில் ஒட்டலாம். டீக்கடைக்காரரைக்கூட இழுத்து வந்து காட்டினேன். தலைக்கனம்! வேறென்ன சொல்ல?

ஒன்றை மட்டும் கோமதிக்குச் சொல்லவில்லை. காப்பி எடுத்த படம் மூன்று கம்ப்யூட்டருக்கும் பொது. யார் கடைசியாக எடுத்தாரோ அவர் எடுத்ததுதான் நிற்கும், முன்னால் எடுத்தது அழிந்துபோகும். அவளோ தன் கம்ப்யூட்டரில் எடுப்பது தன்னோடு நிற்கும் என்று நம்பியிருந்தாள். ஏன் சொல்லவில்லை? அவள் கேட்கவில்லை என்பதாலா? எனக்கு மட்டும் தெரிந்த வித்தை ஒன்று இருக்கட்டும் என்றா? தெரியவில்லை... இரண்டும்தானோ என்னவோ.

அன்று முற்பகல். மாகறலில் வயதான விவசாயி ஒருவர் இறந்துவிட்டார். அந்த வீட்டுக்காக வேன் டிரைவர் ஒருவர் படத்தைக் கைப்பேசியில் கொண்டுவந்து என் தலைமேல் நின்றார். கோமதியோ மானாம்பதியிலிருந்து வந்த காதுகுத்து பேனரில் மூழ்கியிருந்தாள். காதுகுத்து என்றால் உங்களுக்குத் தெரியாததா? தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். பேனரில் மாமன் படம் சிறுத்துவிட்டால் அதற்கே ஒரு பஞ்சாயத்து கூடும். ஆகவே மாமனின் படத்தைப் பெரிதாக்கிப் போட அவளுக்கு மவுஸ் தேவைப்பட்டது.

நான் இறந்தவரின் படத்தைக் காப்பி எடுத்திருந்தேன். அப்போதுதான் அவள் கை நீட்டினாள்.

"அண்ணா, மவுஸ கொஞ்சம் குடுங்க. மாமன் படத்த ஒட்டிட்டு இதோ குட்த்துட்றேன்."

கொடுத்தேன். அவள் மாமனைக் காப்பி எடுத்தாள், ஒட்டினாள், மவுஸைத் திருப்பித் தந்தாள். அதே நேரம் என் கைப்பேசி அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டே, கண்ணீர் அஞ்சலியின் பூ வளையத்துக்குள் படத்தை ஒட்டினேன். அப்படியே மெஷினுக்கு அனுப்பினேன்.

டிரைவர் பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இறந்தவரை அவருக்கு முன்பின் தெரியாது, கைப்பேசிக்கு வந்த படத்தையும் உற்றுப் பார்த்ததில்லை. உத்திரமேரூரிலேயே, பேருந்து திரும்பும் முனையில் கட்டிவிட்டு, மாலை வாங்கப் போய்விட்டார்.

அந்த முனையில் வந்து திரும்பிய பேருந்து ஒன்றில்தான் மானாம்பதி அக்கா உட்கார்ந்திருந்தார். காதுகுத்து நடக்கவிருந்த பிள்ளையின் தாய்! எங்கள் கடைக்குத்தான், அந்த பேனரை வாங்கத்தான் வந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, பூ வளையத்துக்குள், தன் தம்பியின் முகம்.

அவர் கடைக்குள் நுழைந்த கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. தலைமுடி அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு... கையிலிருந்த கைப்பேசிக்குள்ளிருந்து அந்தத் தம்பியின் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"யக்கா, நான் நல்லாத்தான் கீறேன்! வூட்லதான் சாப்ட்டுக்கினு கீறேன்! அழுவாதக்கா!"

செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். அந்தத் தம்பியும் அதைத்தான் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எந்தக் கைடா இது?" என்று முதலாளியைக் கேட்டார். "யாரு பண்ண வேல இது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்ன வாக்கியம் இதுதான்: "மாமா போட்டோவ காப்பி எடுத்தது கோமதிதான்."

பொய்யா அது? இல்லையே! அட்சரம் பிசகாத உண்மை. எடுத்தவள் அவள்தான். ஒட்டியவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படி ஓர் உண்மையைச் சொன்னவனை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்? பொய்யன் என்றா? அதைவிட மோசமாக ஒரு பெயர் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

கோமதியின் முகம் வெளிறிப்போனது. "ஆமாங்க... நான்தான் எட்த்தேன்..." என்றாள். அவளே ஒப்புக்கொண்டாள்! எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமலே ஒப்புக்கொண்டாள்.

"இவ கைராசி எங்களுக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு அக்கா வெறுங்கையோடு போனார்.

கைராசி... அந்தச் சொல் கடையோடு நிற்கவில்லை. கல்யாண பேனருக்கு வருகிறவர்கள் "அந்தப் பொண்ணு தொடலையே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தாள், அங்கேயும் பேச்சு முந்திக்கொண்டது. எழுத்தை வளைத்து நிறுத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். இப்போது ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே?

இங்கேயே நிறுத்திவிடலாம். அவசரம், தொலைபேசி, பொதுவான கீபோர்டு, கவனக்குறைவு... நீங்களும் மன்னித்துவிடக்கூடும். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

ஃப்ளெக்ஸ் மெஷின் ஒரே மூச்சில் அச்சடிக்காது. அதன் தலை இடவலமாக ஓடி ஓடி, வரி வரியாகத்தான் படத்தை வெளியே தள்ளும். முதலில் நெற்றி. பிறகு புருவம். பிறகு கண். அன்று நான் அதன் பக்கத்தில்தான் நின்றேன். இறந்தவர் தலை நரைத்தவர். வந்துகொண்டிருந்ததோ கருகருவென்ற மீசை.

பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் தோன்றுகிறது. 'பழைய போட்டோவாக இருக்கும்' என்று நினைத்ததாக ஒரு ஞாபகம். 'நிறுத்தினால் ஃப்ளெக்ஸ் வீண், முதலாளி கத்துவார்' என்று நினைத்ததாக இன்னொரு ஞாபகம். போனில் பேசிக்கொண்டு எதையுமே கவனிக்கவில்லை என்றும் ஒரு ஞாபகம்! மூன்றும் என்னுடையவைதான். எது நடந்தது, எது நான் பின்னால் ஜோடித்துக்கொண்டது? ஐயோ, எனக்கே தெரியவில்லை!

போன வாரம் கோமதி கடைக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் படத்தையும் தன் படத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்களே போடுங்கண்ணா" என்றாள்.

"உனக்குத் தெரியாத வேலையா? உன் பேனர், நீயே பண்ணு" என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். அதே பொதுக் கீபோர்டுதான்.

அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாணாண்ணா. நல்ல காரியம்..." என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "அன்னிக்கு நான் இன்னாத்த தப்பா அமுக்கினேன்னு இன்னும் புரியலண்ணா. கம்பெனி பஸ்ல போவச்சொல்லோ தெனமும் அதத்தான் யோசிச்சிக்கினு போறேன்."

கேட்டீர்களா? அவள் என்னிடமே கேட்டாள்! பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம் போதும்.

"விடு கோமதி, நடந்தது நடந்துபோச்சி" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்! நான்... அவளை! அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தர்தாண்ணா என்ன ஒரு வார்த்த திட்டாதவரு" என்றாள்.

படங்களை ஒட்டினேன். மெஷினுக்கு அனுப்பினேன். அது ஓடத் தொடங்கியதும் கோமதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"யாரு மூஞ்சிண்ணா வருது?"

வரி வரியாக வந்துகொண்டிருந்தது. நெற்றி, புருவம், கண்.

"உன் மூஞ்சிதாம்மா" என்றேன். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.