சிக்னல் பிரமாதம், வாழ்த்துகள்!

போன வருஷம் ஐப்பசி அடைமழையில், காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலில், எங்கள் வீட்டில் நடந்தது இது. அன்றிலிருந்து யாராவது 'வாழ்த்துகள்' என்று மெசேஜ் அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அனுப்புகிறவர்கள் பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு ஹாம் ரேடியோ, அதாவது சொந்தமாக ரேடியோ செட் வைத்து ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு, என்றால் பைத்தியம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போல லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தலைவர். பட்டுப்புடவைக் கடைக்காரர், பல் டாக்டர், காலேஜ் வாத்தியார் என்று மற்றவர்கள். நான் ஒருத்திதான் பெண்.

மழைக்காலத்தில் செல்போன் டவர் செத்துப்போனால் கிராமங்கள் ஊமையாகிவிடுகின்றன. அதற்காக நாங்கள் ஒன்று செய்தோம். தலைவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதை அறிவிப்புப் பலகையாக ஆக்கினோம். மொட்டை மாடி ஆன்டெனாவோடு அதை இணைத்துவிட்டோம். போனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ரேடியோ செட்டையும் லேப்டாப்பையும் சேர்த்துவிட்டால், நாம் தட்டுகிற எழுத்தெல்லாம் கீச் கீச் என்ற சத்தமாக மாறி, துண்டு துண்டாகக் காற்றில் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்துகொள்ளும். டவுனில் போன் வேலை செய்யும் என்பதால், பலகையைப் பார்க்கிறவர் ஆம்புலன்ஸுக்கோ தாலுகா ஆபீசுக்கோ சொல்லிவிடலாம். இதுதான் திட்டம். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டி இதைச் செய்தோம். ஆன்டெனாவுக்கு ஒயர் இழுத்ததில் என் கை தோலுரிந்தது.

அலைவரிசை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அனுப்ப முடியும். இருவர் சேர்ந்து அனுப்பினால் இரண்டும் குழம்பிப் பலகைக்குப் புரியாமல் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. என் வீடு பள்ளத்தில் இருக்கிறது. என் சிக்னல் உயரத்தில் இருக்கிற பலகைக்குக் கேட்கும், டவுன் பக்கம் இருக்கிற மற்றவர்களின் செட்டுக்குக் கேட்காது. நான் அனுப்பிக்கொண்டிருப்பது தெரியாமல் அவர்கள் செட்டும் அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் மழை நாட்களில் அவசரச் செய்தி தவிர வேறு எதையும் போடக்கூடாது என்று ஒரு விதி வைப்போம் என்று கூட்டத்தில் சொன்னேன். தலைவர் சிரித்தார். "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்மா. நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதா?" என்றார். பேச்சு டீக்குத் தாவிவிட்டது.

அந்த நாள் வந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் டவர் போச்சு, கரன்டும் போச்சு. டவுனுக்குப் போகிற வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது. பக்கவாதம் என்று எனக்கே புரிந்தது. நேரம் போகப் போக ஆபத்து என்பதும் தெரியும். தெருவில் முழங்கால் தண்ணீர். ஓடக்கூடிய ஒரே வண்டி பக்கத்து வீட்டு டிராக்டர். அது பள்ளத் தெருக்காரர்களை ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

எனக்குப் பதற்றம் இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம். இதற்காகத்தானே அந்தப் பலகை! செட்டை இன்வெர்ட்டர் பேட்டரியில் போட்டேன். அப்பாவின் நிலைமையையும், பாலம் மூழ்கியதையும், உத்திரமேரூர் பக்கமாக ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டும் என்பதையும் தட்டி அனுப்பினேன். போகவில்லை. செட் தானாக மறுபடி முயன்றது. போகவில்லை. தொடர்பே அறுந்துவிட்டது.

பலகை மற்றவர்களுக்கு அனுப்பும் பதில்கள் என் திரையில் ஓடும். அவர்கள் போட்டதைப் போட்டபடியே அது காட்டும். அதைப் பார்த்தேன். 'காலை வணக்கம். சிக்னல் பிரமாதம். குழுவுக்கு வாழ்த்துகள்.' 'வாழ்த்துக்கு நன்றி. உங்க சிக்னலும் பிரமாதம்.' 'திருப்புட்குழியில் செம மழை. வீட்டில் பொங்கல், வடை.' 'டவர் இல்லாமலே பேசுகிறோம், வரலாறு படைத்துவிட்டோம்!' ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், பட்டம், ஊர், ஆன்டெனாவின் உயரம் வரை நீளமாகக் கையெழுத்து. எங்கள் ஆட்களின் பழக்கம் இது. தொடர்பு கிடைத்ததும் சிக்னல் எப்படி என்று சொல்லி வணக்கம் வைக்காவிட்டால் அவர்களுக்குத் தலை வெடித்துவிடும். அந்த வணக்கங்களுக்கு நடுவில் என் அப்பாவுக்கு இடம் இல்லை.

மைக்கை எடுத்துக் கத்தினேன். "அவசரம், எல்லாரும் நிறுத்துங்க, ப்ளீஸ் நிறுத்துங்க!" யாருக்குக் கேட்கும்? டவுன் செட்டுகளுக்கு என் சிக்னலே எட்டாது. எட்டுகிற தலைவர் வீட்டிலும், கீச் கீச் சத்தம் காதைத் துளைக்கிறது என்று ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். அம்மா அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாடி, அந்தப் பொட்டில ஒருத்தரும் கேக்கலியா?" என்று அழுதாள். நான் மறுபடி முதலிலிருந்து தட்டி அனுப்பினேன். திரையில் இன்னொருவர் 'வடை சூப்பர்' என்று போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் டிராக்டர் திரும்பி வந்ததும்தான் வழி பிறந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் இறங்கக்கூட இல்லை. "தூக்குமா, ஏத்து! இன்னும் காத்துக்கினு இருந்தா ஆவாது" என்றார். செய்தியைத் தானாக மறுபடி மறுபடி அனுப்பும்படி லேப்டாப்பை விட்டுவிட்டு, வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் அப்பாவைக் கிடத்தி, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே போனோம். உத்திரமேரூர் பக்கமாகச் சுற்றிப் பெரிய ஆஸ்பத்திரியைச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடுகிற நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின.

அப்பா வீடு திரும்பிய பிறகு தலைவர் ஆப்பிளோடு வந்தார். இன்னொரு கையில் ஒரு கேடயம். பேரிடர்ச் சேவைக்காகப் பாராட்டு விழா நடத்தினார்களாம், குழுவில் எல்லாருக்கும் உண்டாம், எனக்குச் சேர வேண்டியதைக் கொண்டுவந்தாராம். என் கையில் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். அப்பாவைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்: "உன் மெசேஜும் வந்துச்சும்மா, சாயந்தரம்தான் பாத்தோம். அன்னிக்கு அவ்ளோ டிராஃபிக். ஆனா நம்ம சிஸ்டம் தாங்கிச்சு பாரு!"

"சார், அவ்ளோ மெசேஜ்ல அவசரம்னு எத்தினி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னுது மட்டும்தாம்மா" என்றார்.

கேடயத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் அந்தக் குழுவுக்குப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. பலகை இன்னும் ஓடுகிறது என்று கேள்வி. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்து மறந்திருப்பேன். எல்லாருமே உதவி செய்வதற்கென்று உட்கார்ந்திருந்தவர்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பயிற்சிக்குப் பிறகு இப்போது அப்பாவுக்கு ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது. அவர் ஒன்று சொல்ல வாயைத் திறந்தால், அம்மா டிவியை அணைக்கிறாள், நான் மிக்ஸியை நிறுத்துகிறேன், வந்த விருந்தாளிகூடப் பேச்சை நிறுத்திவிட்டு அந்த வார்த்தை வெளியே வரும்வரை காத்திருக்கிறார். அந்த நல்லவர்களிடம் அன்றைக்கு நான் கேட்டதும் இவ்வளவுதான்.