வெறுங்காலுக்கு மட்டம் பார்த்தவள்

கனடாவில் எல்லோரும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார்கள். பனியும் உப்பும் அப்பிய சப்பாத்தோடு யார்தான் உள்ளே விடுவார்கள்? இந்த ஒரு விஷயத்திலாவது நம்மைப்போல இருக்கிறார்களே என்று வந்த புதிதில் எனக்கு ஒரு சந்தோஷம். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ரொறொன்ரோவில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தட்டில் வால்டர் என்றொரு பெரியவர் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஒருநாள் வெளியிலிருந்து இருவரும் ஒன்றாகத் திரும்பியபோது தேநீருக்குக் கூப்பிட்டார். வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவரோ தெருச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கென்று வைத்திருந்த இன்னொரு சோடியை மாட்டிக்கொண்டார். தன் சொந்த வீட்டில், கம்பளத்தின்மேல், சப்பாத்து! "கழற்றிவிட்டு இருங்களேன், வீடுதானே" என்றேன். "கழற்றினால் பின்பக்கமாக விழுவேன்" என்றார். "அப்படியென்றால் உங்கள் காலைப் பிழையாகப் பூட்டியிருக்கிறார்கள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதரின் முகம் சிவந்துபோயிற்று. "என் காலைச் செய்தவர் சான்றிதழ் பெற்றவர், தெரியுமா?" என்றார். அதன்பிறகு தேநீர் முடியும்வரை இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம்.

அவருக்குத் தெரியாது, எனக்கும் அதே தொழில்தான் என்று. என்னிடம் இல்லாதது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். குருக்கள்மடத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், பொய்க்கால் செய்யும் பட்டறை ஒன்றில் பதினான்கு வருடம் வேலை செய்தவள் நான். கால் வளைந்த பிள்ளைகளுக்குத் தாங்கி, முதுகு கூனியவர்களுக்குப் பட்டி என்று எல்லாம் செய்வோம். ஆனால் யுத்தம் எங்கள் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனது பெரும்பாலும் கால் இல்லாதவர்களைத்தான். பெண் நோயாளிகள் தங்கள் முழங்காலில் ஓர் ஆண் கைவைத்துப் பிளாஸ்டர் சுற்ற விடமாட்டார்கள். அதனால்தான் என்னைப்போல நாலைந்து பெட்டைகளைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் எங்களை இரண்டு வருடம் வறுத்தெடுத்து, கடைசியில் தன் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைத் தந்தார். அந்தத் தாளை அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள்.

எங்கள் பட்டறையில் செருப்பு வாசலுக்கு வெளியேதான். நோயாளியும் அப்படி, நாங்களும் அப்படி. யாரும் சட்டம் போடவில்லை. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கவைத்துத்தான் மட்டம் பார்ப்போம். பாதத்துக்கு மேலே இருக்கும் திருகாணிகளை இளக்கி, இறுக்கி, முழங்கால் பாதத்துக்கு மேலே நேராக வந்து நிற்கும்வரை விடமாட்டோம். அதோடும் முடியாது. பட்டறைக்குப் பின்னால் வாவி. கால் பூட்டியவரை வாவிக்கரைச் சேற்றில் பத்தடி நடக்கவைத்து, நாங்கள் குனிந்து தடத்தைப் பார்ப்போம். குதியும் விரற்பக்கமும் ஒரே ஆழத்தில் புதைந்திருந்தால் அந்தக் கால் வீட்டுக்குப் போகலாம். ஒன்றின் ஆழம் கூடினாலும் திரும்பவும் பட்டறைக்கு. வவுணதீவிலிருந்து வந்த யோகம்மா அக்கா, வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டுபவர், என்னை ஐந்து தடவை திருப்பி அனுப்பினார். "தங்கச்சி, இது றோட்டால நடக்கிற கால். எனக்கு வட்டைக்குள்ள குனிஞ்சி நிக்கோணும்" என்றார். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். ஆறாவது தடவை சேற்றில் இறங்கி, இல்லாத நெல்லை இல்லாத அரிவாளால் வெட்டிக் காட்டிவிட்டு, "இப்பதான் இது என்ட கால்" என்றார். ஏறாவூரிலிருந்து வந்த சபுறா றாத்தாவுக்கு வயல் இல்லை, தொழுகைப் பாய் இருந்தது. நாளுக்கு ஐந்து தடவை அதில் வெறுங்காலோடு எழும்பி நிற்கவேண்டும். இவர்களுக்கெல்லாம் சப்பாத்துக்கு மட்டம் பார்த்து நான் என்ன செய்வது?

சான்றிதழ் கேட்பது பிழை என்று சொல்ல வந்தேன் என நினைக்காதீர்கள். யுத்தம் முடிந்த கையோடு பெட்டி பெட்டியாகக் கால்களைக் கொண்டுவந்து, மேடை போட்டு, படம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன ஆட்களை எனக்குத் தெரியும். அளவெடுக்காத கால்கள். அவற்றைப் போட்டு முழங்கால் புண்ணாகி வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் மருந்து கட்டியவள் நான். கண்டவனெல்லாம் மனிதக் காலில் கைவைக்கக் கூடாது. ஆனால் இங்கே பதிவுச் சபைக்கு விண்ணப்பித்தபோது, அந்தக் கண்டவர்களில் நானும் ஒருத்தியாகிப் போனேன். படித்த பாடங்களின் மணித்தியாலம் வேண்டுமாம். பாடத்திட்டம் வேண்டுமாம். பயிற்சி தந்த நிறுவனம் முத்திரை குத்தி நேரடியாக அனுப்பும் கடிதம் வேண்டுமாம். நிறுவனம் எப்போதோ மூட்டை கட்டிவிட்டது, பயிற்சியாளர் காலமாகிவிட்டார். செத்தவரிடம் முத்திரை வாங்கி வா என்றால் எங்கே போவது? "உங்கள் வேலையின் பெறுபேற்றை எவ்வாறு அளப்பீர்கள்?" என்றும் ஒரு கேள்வி இருந்தது. ஈரச் சேறு, பத்தடி, தடத்தின் ஆழம் என்று உள்ளதை எழுதினேன். "தரப்படுத்தப்படாத முறை" என்று பதில் வந்தது.

எழுதி எழுதி அலுத்து, கடைசியில் பரீட்சைக்கு இருக்க விட்டார்கள். மூன்று தடவைதான். மூன்றாவதிலும் தவறினால், வாழ்நாள் முழுக்கப் பொய்க்கால் நிலையமொன்றின் பின்னறைத் தொழிலாளிதான். நோயாளியைத் தொட முடியாது. முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் காப்புறுதிப் படிவங்களும் தகவல் இரகசியச் சட்டமும் என்னைக் கவிழ்த்தன. இரண்டாவது தடவை என் கை கவிழ்த்தது. ஊரில் கதிரையில் வந்து இருக்கும் நோயாளியின் முழங்காலில் முதலில் கையை வைப்பேன், அதன்பிறகுதான் ஊர் பேர் கேட்பேன். அந்தக் கை பட்டதும் பாதிப் பயம் போய்விடும். இங்கே அதற்குப் பெயர், அனுமதி பெறாமல் தொடுதல். சரி, அதையும் படித்தேன். கண்ணாடிக்கு முன் நின்று "நான் உங்களைத் தொடலாமா?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். என் கணவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது தடவை எழுத்தில் தேறினேன், பேச்சில் தேறினேன். மிச்சம் இருந்தது கைவேலை. அதைப்பற்றி எனக்குத் துளியும் பயமில்லை. பிரையன் என்ற முன்னாள் லொறிச் சாரதி பரீட்சைக்கென்றே வந்து அமர்ந்திருந்தார். அவருக்கும் முழங்காலுக்குக் கீழேதான் பொய்க்கால். அதன் திருகாணிகளை வேண்டுமென்றே குலைத்து வைத்திருந்தார்கள். அதை மட்டம் பார்த்துத் தரவேண்டும், அவ்வளவுதான். நரைத்த தலையுடன் மிக மரியாதையான ஓர் அம்மையார் பரீட்சகராகப் பக்கத்தில் நின்றார். தொடலாமா என்று மூன்று தடவை கேட்டேன். பிறகு, "சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றேன். பிரையன் அம்மையாரைப் பார்த்தார். "இரண்டையுமா?" "ஓம், இரண்டையும்." அவற்றை எடுத்துக் கொண்டுபோய் அறைக்கு வெளியே கதவோரம் சோடியாக வைத்துவிட்டு வந்தேன். என்ன செய்கிறேன் என்ற நினைப்பே இல்லை. கழற்றினால் வெளியே வைப்பதுதானே முறை!

அன்று என் கைகள் வேலை செய்ததுபோல இந்த நாட்டில் ஒருநாளும் செய்ததில்லை. இந்தப் பக்கத் திருகாணி கால்வாசிச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. பிரையன் இரண்டு பக்கமும் இருந்த கைபிடிக் கம்பிகளை விட்டுவிட்டு நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். "வெறுங்காலில் இப்படி நடந்து எத்தனையோ வருடம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது அம்மையார், "முடிப்பதற்கு முன் இன்னும் ஏதாவது பார்க்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் கேக் எடுத்துக்கொள்கிறாயா என்பார்களே, அப்படித்தான் அது எனக்குக் கேட்டது. "இல்லை, நன்றி." "நிச்சயமாகவா?" "நிச்சயமாக" என்று பல்லைக் காட்டினேன்.

மணி அடித்தது. அம்மையாரே வெளியே போய்ச் சப்பாத்துகளை எடுத்துவந்து கொடுத்தார். பிரையன் போட்டுக்கொண்டு எழும்பினார். இரண்டாவது அடியில் கால் அவரை முன்னால் தள்ளியது, முழங்கால் மடங்கியது. இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து அப்படியே தொங்கினார். சப்பாத்தின் குதி, பெருவிரல் பருமன்கூட இல்லாத ஓர் உயரம். வெறுங்காலுக்கு மட்டம் பார்த்த காலில் அதை மாட்டினால் மேலே எல்லாம் முன்னால் சரியும், வால்டருக்கு நேர்மாறாக. இது நான் முதல் மாதத்தில் படித்த பாடம்! ஊரில் என்றால் யாராவது, "விசரி, சப்பாத்தப் போட்டுப் பாரு!" என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே மரியாதையாகக் கேள்வி கேட்டே கழுத்தை அறுக்கிறார்கள்.

நோயாளியின் பாதுகாப்புக்குப் பங்கம், இனி விண்ணப்பிக்க முடியாது என்று கடிதம் வந்தது. அவர்கள் செய்தது சரி. எனக்குப் பொறுக்க முடியாமல் இருப்பதும் அதுதான். அநியாயம் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். பனி உறைந்த தெருவில் பிரையன் அந்தக் காலோடு இறங்கியிருந்தால் மண்டை உடைந்திருக்கும். என் கையில் பேனை இருந்திருந்தால் நானும் என்னைத் தவறவிட்டிருப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். காலையில் கட்டிலைவிட்டு எழும்பும் வால்டர் வெறுங்காலோடு நாலடி நடக்க முடியுமா என்று அந்தப் பரீட்சையில் ஏன் ஒரு கேள்விகூட இல்லை? அவரும் மனிதர்தானே, அவருக்கும் தன் வீட்டுத் தரை வேண்டாமா?

இப்போது அப்படியொரு நிலையத்தின் பின்னறையில்தான் இருக்கிறேன். நோயாளி இருக்கும் அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. அளவு உள்ளே வரும், கால் வெளியே போகும். சிலவேளை பட்டம் முடித்த இளம் நிபுணர் ஒருவர் கதவைத் திறந்து, "முழங்கால் முன்னால் தள்ளுகிறதாம், என்ன செய்யலாம்?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் போய்ச் செய்துவிட்டுத் தன் பெயரில் கையெழுத்துப் போடுவார். நல்ல பிள்ளை, ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லத் தவறமாட்டார். அந்த நன்றியைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

போன கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டு, வாசலில் நின்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் அழைப்பு வந்தது. அங்கே பின்னேரம்.

"தங்கச்சி, கேக்குதா? வவுணதீவு யோகம்மா கதைக்கிறன்."

"ஓம் அக்கா, சொல்லுங்க."

"நீ செஞ்ச கால் வெடிச்சி உடைஞ்சிட்டு. புதுசு ஒண்டு தந்திரிக்காங்க. படிச்ச புள்ள, பட்டமெல்லாம் இரிக்காம். நல்ல குணம். ஆனா வட்டைக்குள்ள இறங்கினா கால் என்னப் பின்னால தள்ளுது."

"சப்பாத்துப் போட்டுத்தானே மட்டம் பாத்தாங்க?"

"ஓம், சப்பாத்தும் ஒரு சோடி தந்தாங்க. நான் சப்பாத்தோடயா சேத்துக்குள்ள இறங்கிற?"

"வாவிக்கரையில நடக்க வெச்சிப் பாக்கல்லையா?"

"அதெல்லாம் இப்ப இல்லையாம். மெசினுக்கு மேல நடக்க வெச்சாங்க."

எந்த ஆணியை எந்தப் பக்கம் எவ்வளவு திருகவேண்டும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். சொல்லவில்லை. ஓர் ஆணி சரியாக இறுகாமல் விட்டால் வயலுக்கு நடுவில் கால் கழன்றுவிடும். அந்தளவுக்கு நானும் தரம் பார்ப்பவள்தான்.

"அந்தப் புள்ளைட்டயே போங்க அக்கா. வெறுங்காலில நிக்க வெச்சி மட்டம் பாக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னாக் கேக்குமா? எனக்கென்ன பட்டமா இரிக்கு? அத உடு, நீ எப்ப வாறாய்? வந்து ரெண்டு ஆணியத் திருகி உட்டுட்டுப் போ."

பழைய பட்டறைத் தோழி ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். அங்கேயும் இப்போது பதிவு வந்துவிட்டது. அம்மா சுவரில் மாட்டிய தாள் இனி அங்கேயும் செல்லாது.

"வந்தாலும் நான் கைவைக்க ஏலா அக்கா. அங்கயும் பதிவு வேணுமாம். எனக்கு இல்ல."

"அப்ப அங்க?"

"இஞ்சயும் இல்ல."

அக்காவின் பக்கத்தில் எங்கேயோ ஓர் உழவு மெசின் ஓடும் இரைச்சல் கேட்டது.

"அப்ப நீ ஆருக்குத்தான் கால் செய்யிற, தங்கச்சி?"

லைன் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் வலது காலில் சப்பாத்தோடும் இடது கால் வெறுங்காலாகவும் நின்றிருக்கிறேன். இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்து, முதுகு கோணி, உடம்பு முழுவதும் இடது பக்கம் சரிந்திருந்தது. நோயாளி ஒருவர் இப்படி நின்றால் நான் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன்: ஒன்றில் அதைக் கழற்று, இல்லாவிட்டால் மற்றதையும் போடு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.