அக்காவின் காய்ச்சல் சுற்றுலா

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று இயற்கை தேவைப்பட்டுவிட்டது.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். மரம் என்றால் வாகனத்தை நிழலில் நிறுத்துவதற்கு என்று நினைப்பவர். அவர்தான் போன ஏப்ரலில் ஒருநாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரேன்... பனி, மலை, பச்சை! பிள்ளைக்கு லீவு விட்டாச்சு. குடும்பமாப் போய் ரெண்டு நாள் சுத்தமான காத்தைச் சுவாசிச்சிட்டு வருவோம்."

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்த பழைய பங்களா. இப்போது ஹோட்டல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வராதா பின்னே? அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். பதினெட்டு வயது வரை அந்தக் காற்றைத்தான் சுவாசித்தேன் — பாதி நாள் தடிமனும் இருமலுமாக. அதையே மறுபடி சுவாசிக்க ஆன்லைனில் புக்கிங் வேறா?

ஆனால் சிரித்து முடிப்பதற்குள் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அக்கா இன்னமும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். இருபத்துநான்கு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். (பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். "எழுதுறதுன்னா எழுது, பேரையும் தோட்டத்தையும் போட்டுறாத" என்பது அவளுடைய உத்தரவு.) மலையிலேயே வாழ்கிறவள், மலையைச் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. போன் போட்டேன்.

"அக்கா, எங்களோட ரெண்டு நாளு டூர் வர்றியா?"

"எங்க?"

"மலைக்கு."



"ஏன்டி, நான் இப்ப எங்க நிக்கிறேன்?"

"இது வேற மலைக்கா. நீ நாக்காலியில உக்காந்து பாக்கப் போற. டீ கொண்டாந்து குடுப்பாங்க."

"யாரு கொண்டாருவா? நான் ஊத்த வேணாமா?"

"வேணாம்" என்றேன். அந்த ஒன்றில் விழுந்துவிட்டாள்.

ஒரேயொரு சிக்கல். லீவு.

ஏப்ரல் மாதம் மலையெங்கும் கொழுந்து பொங்கி வரும் காலம். யாருக்கும் லீவு கிடைக்காது. அதைவிடப் பெரிய விஷயம், கங்காணி வேலைக்கு அக்காவின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்வை செய்கிற வேலை. அவளுடைய டிவிஷனில் இதுவரை ஒரு பெண்ணும் கங்காணியானது கிடையாது. பெயரை எழுதித் தோட்டத்து மேனேஜரான துரைக்கு அனுப்ப வேண்டியவர் கண்டாக்கு ஐயா. துரைக்கு அடுத்தபடியாக மலையைப் பார்க்கிற அதிகாரி. பெரிய மீசை. அவர் சிரித்துப் பார்த்ததாகத் தோட்டத்தில் சாட்சி யாரும் இல்லை. அவரிடம் போய், 'ஐயா, இயற்கையை ரசிக்க லீவு வேணும்' என்று கேட்க முடியுமா?

மறுநாள் அக்காவே போன் செய்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"நம்பினாரா?"

"ரெண்டு இருமல் இருமினேன். 'ஒடம்பப் பாத்துக்க'ன்னாரு. அவருக்கும் முடியல போல. இடுப்பப் புடிச்சிக்கிட்டேதான் நின்னாரு, பாவம்."

கினிகத்தேனையில் அவளை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தாள். புத்தம்புது சல்வார். கையில் ஹேண்ட்பேக். தலையில் மட்டும் காதை மூடி ஒரு கம்பளி மப்ளர்.

"இந்த வெயில்ல எதுக்குக்கா மப்ளர்?"

"பஸ்ல தெரிஞ்ச ஆளுக இருந்தாங்கடி. இங்க வரைக்கும் காய்ச்சல். இனிமே சொகம்தான்" என்று மப்ளரை அவிழ்த்துப் பைக்குள் திணித்தாள்.

ஹோட்டல் புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா ஒன்றைப் பிடித்து, எதிரே தெரிந்த மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். டீ வந்தது. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"நல்ல தூளெல்லாம் எங்கடா போகுதுன்னு இத்தன வருசமா யோசிச்சேன்... இங்கதான் வருதா!"

அன்றைக்கு முழுவதும் அவள் அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்படியே ஊர் திரும்பியிருந்தால் எனக்கு இந்த வாரப் பத்திக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

மறுநாள் காலை கெவின் வந்தார். ஹோட்டலில் விருந்தினரை மகிழ்விக்கிற பொறுப்பு அவருக்கு. முப்பது வயது, நீர்கொழும்புக்காரர். "இன்னைக்கு நம்ம ஸ்பெஷல் ப்ரோக்ராம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலை!" என்று கையைத் தட்டினார். நாமே கொழுந்து பறிக்கலாம். நிஜத் தொழிலாளி மாதிரியே உடை தருவார்கள். பெண்களுக்குச் சரிகை வைத்த சிவப்புச் சேலை, தலைக்குத் துணி, முதுகில் ஒரு கூடை. பூப்பறிக்கிற கூடையைவிடச் சற்றே பெரியது. ஆண்களுக்குத் துரை வேஷம். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, வட்டத் தொப்பி, கைத்தடி.

என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் போய் அரைக்கால் சட்டையோடு திரும்பி வந்தார்.

"எனக்கு வேணாங்க. எனக்குக் காய்ச்சல்" என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில்.

என் மகளுக்கு ஒன்பது வயது. விடுவாளா? "வாங்க பெரியம்மா! நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு நான் பாத்ததே இல்லை."

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. புதுச் சல்வாரைக் கழற்றிவிட்டு, லீவு போட்டுவிட்டு வந்த வேலையின் உடுப்பையே மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்க இறங்கினாள் என் அக்கா.

கெவின் பாடம் எடுத்தார். "ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதை மட்டும் மென்மையாக் கிள்ளணும்." சொல்லிவிட்டுத் திரும்பினால், அக்காவின் கூடை நிறைந்திருந்தது.

"ஐயோ மேடம்! இவ்வளவு அவசரம் கூடாது. ரசிச்சுப் பறிக்கணும். இது ஒரு தியானம் மாதிரி. ஒரு கைப்பிடி போதும்."

"ஒரு கைப்பிடிக்கு எதுக்குங்க கூடை?"

"விரல் பிடிக்கிற விதமும் சரியில்லை மேடம். கவலைப்படாதீங்க, முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மேல் நிரையிலிருந்து இன்னொரு துரை இறங்கி வந்தார். அதே காக்கி அரைக்கால் சட்டை, அதே தொப்பி. வெயிலே படாத முழங்கால்கள் இரண்டும் வெளுத்துத் தெரிந்தன. செடிகளுக்கு நடுவே கைத்தடியை ஊன்றி நடந்து வந்தவர், போகிற போக்கில் அக்காவின் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கை தன்னால் உள்ளே போய் ஓர் இலையை எடுத்தது.

"என்ன இது, முத்தல் எலை விழுந்திருக்கு..." என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

பெரிய மீசை.

"செல்வி?"

"ஐயா?"

அவர் இலையை மறுபடி கூடைக்குள்ளேயே போட்டார். 

"ஒனக்குக் காய்ச்சல்னு சொன்னியே..."

"ஐயாவுக்கு இடுப்புவலின்னாங்களே..."

கண்டாக்கு ஐயா தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி போட்டுக்கொண்டார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. கங்காணி வேலை இந்தத் தேயிலைச் செடிக்குள்ளேயே விழுந்து தொலைந்தது என்று அவள் முடிவுகட்டியது, எட்டடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

கெவினுக்கு என்ன தெரியும்? அவர் கண்ணுக்கு ஒரு துரையும் ஒரு தொழிலாளியும் அழகாக எதிரெதிரே நின்றார்கள். "சூப்பர்! அப்படியே நில்லுங்க!" என்று போனைத் தூக்கினார். "சேர், நீங்க கோபமாத் திட்டுங்க. மேடம், நீங்க பயந்து தலையைக் குனியுங்க."

கண்டாக்கு ஐயா வாயைத் திறந்தார். மூடினார். இருபத்துநான்கு வருடத்தில் அவர் திட்டத் தடுமாறியது அன்றைக்குத்தானாம் — அக்கா பிறகு சொன்னாள்.

"என்ன சேர், இன்னும் நிஜமா இருக்கணும்! மேடம், நீங்களும்தான். ரெண்டு பேருக்கும் நடிப்பு சுத்தமா வரலையே!"

எப்படியோ ஒரு படத்தைப் பிடித்துவிட்டார். கண்டாக்கு ஐயா விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அக்கா அவரை நேராகப் பார்க்கிறாள். அடுத்த நிமிடம் கெவின் சந்தோஷமாக அறிவித்தார். "நம்ம பேஸ்புக் பேஜ்ல போட்டாச்சு! இப்பவே பதினொரு லைக்!"

கண்டாக்கு ஐயா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுக் கெவினிடம் ஓடினார்.

"அழிச்சிருங்க தம்பி. தயவு செஞ்சு அழிச்சிருங்க. எங்க தொரை இந்தப் பேஜப் பாக்கிறவரு. இந்த எடத்தப் பத்தி எனக்குச் சொன்னதே அவருதான். நான் கொழும்புல டொக்டர்கிட்ட இருக்கிறதா சொல்லிட்டு வந்திருக்கேன்..."

"ஐயோ சேர், இந்த சீசன்லயே பெஸ்ட் போட்டோ இது!"

மூன்று தடவை கெஞ்சினார் மனிதர். கெவின் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். லைக் பதினைந்தானது.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள்.

"இங்க வாங்க."

சத்தம் போடவில்லை. ஆனால் கெவினின் சிரிப்பு நின்றுவிட்டது.

"போன எடுங்க. அந்தப் போட்டோவத் தொறங்க. அழிங்க. அழிச்சாச்சா? எனக்குக் காட்டுங்க... ம். இப்பப் போங்க, போய் மத்தவங்களப் பாருங்க."

அழிந்தது. கண்டாக்கு ஐயா அக்காவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ப்ரேம் போட்ட காப்பி பேக்கேஜோட சேர்த்தி மேடம்" என்றார் கெவின், மெல்லிய குரலில். "அது ப்ரிண்ட் போயிருச்சு. ஆளுக்கு ஒண்ணு." ஆக, இருவர் கையிலும் இருவருடைய குட்டும்!

சாயங்காலம் கண்டாக்கு ஐயாவோடு வந்திருந்த அவர் மனைவி எங்களைப் புல்வெளிக்குக் கூப்பிட்டார். அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதல் நாள் பூராவும் அதே நாற்காலியில் ராணி மாதிரி இருந்தவள்தான். கண்டாக்கு ஐயா முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

"உக்காரு செல்வி. இங்க என்ன பெரட்டா நடக்குது?" என்றார் அந்த அம்மா. பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கும் இடம். அக்கா நுனியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாவே டீயை ஊற்றிக் கொடுத்தார்.  பனி விலகி எதிர் மலை பளிச்சென்று தெரிந்தது.

"ஆஹா... என்ன அழகு!" என்று என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"பறிக்கிற ரவுண்டு தவறிருச்சு" என்றார் கண்டாக்கு ஐயா.

"ஆமாங்கய்யா. நாலு நாளு இருக்கும். கொழுந்து முத்திப்போச்சு" என்றாள் அக்கா.

"மேல் பக்கம் கவ்வாத்து வெட்டும் சரியில்ல."

"தண்ணி ஓடுற கானும் அடைச்சிருக்குங்க. பாருங்க, அந்த மூலையில செடியெல்லாம் மஞ்சளா நிக்குது."

ஒரு மணி நேரம்! யாரோ ஒருவருடைய மலையை இலை இலையாகப் பிரித்துப் பேசித் தீர்த்தார்கள். அக்கா எப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இயற்கையை ரசிக்க வந்த என் வீட்டுக்காரர் பத்தாவது நிமிடத்தில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஊரில் உடம்பு கெட்டால்தான் ஓய்வு. நல்ல உடம்போடு இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டுமானால் காய்ச்சலையோ இடுப்புவலியையோ கடன் வாங்க வேண்டியிருக்கிறது. கொழுந்து பறிப்பவளுக்கும் அப்படித்தான், அவளை வேலை வாங்குகிறவருக்கும் அப்படித்தான். அந்தத் துரை என்ன சொல்லிவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனாரோ... யார் கண்டது?

இரண்டு வாரம் கழித்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. கங்காணி வேலை கிடைத்துவிட்டது.

நான் போனில் துள்ளினேன். அவள் துள்ளவில்லை.

"வேலையப் பாத்துக் குடுத்தாரா, போட்டோவுக்குப் பயந்து குடுத்தாரான்னு தெரியலையேடி. அப்படி வந்த வேலைய வச்சுக்கிட்டு நான் எப்படி நாலு பேர வேலை வாங்குறது?"

மறுநாளே அந்தப் போட்டோவைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கண்டாக்கு ஐயாவின் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். மேசையில் வைத்திருக்கிறாள்.

"இது ஐயாகிட்டயே இருக்கட்டும். இதுக்காக என் பேரு போயிருந்தா, எனக்கு அந்த வேலை வேணாங்க."

கண்டாக்கு ஐயா மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாராம். துரைக்கு அவர் அனுப்பிய சிபாரிசின் பிரதி. அக்கா காய்ச்சல் என்று இருமிய நாளுக்கு முந்தின வாரத்துத் திகதி.

"ஓம் பேர எழுதி அனுப்பிட்டுத்தான் எனக்கு இடுப்பே வலிக்க ஆரம்பிச்சுச்சு" என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாராம்! இப்போது தோட்டத்தில் அதற்கு ஒரு சாட்சி உண்டு.

அக்கா அந்தத் திகதியை இரண்டு தரம் படித்தாளாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினாளாம்.

"அப்ப போட்டோவத் திருப்பிக் குடுங்கய்யா. நல்லாத்தான் விழுந்திருக்கு."

இப்போது அது லயத்து வீட்டின் முன்சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்டால், அந்த அரைக்கால் சட்டைக்காரர் யாரோ டூர் வந்த வெளிநாட்டுக்காரர் என்கிறாளாம்.