பைபாஸ் மாமாவுக்கு இதயம் எந்தப் பக்கம்?

டயல்-அப் இணைப்பு அறுந்துபோவதற்குள் சொல்லிவிடுகிறேன். இன்று எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் ஃபிளாட்ஸில் முதலுதவிப் பயிற்சி.

கார் நிறுத்துமிடத்தில் ரப்பர் பொம்மையைக் கிடத்திவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மயங்கி விழுந்தவங்களுக்கு மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தணும். கை நடு நெஞ்சுல, நெஞ்செலும்போட கீழ்ப்பாதில இருக்கணும்."

எங்கள் சங்கச் செயலாளர் மாமா நேராகப் போய் இடது பக்கம் அழுத்தினார்.

"நடுவுல சார்."

"ஹார்ட் லெஃப்ட்லன்னா இருக்கு? நேக்குத் தெரியாதா? பைபாஸ் பண்ணிண்டவன்மா நான்!"

அந்தத் தழும்பைப் பார்க்காதவர் எங்கள் ஃபிளாட்ஸில் கிடையாது. கொலு பார்க்க வருகிறவர்களுக்கும் சுண்டலுக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்.

"தழும்பு எங்க சார் இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

மாமா பெருமையாகச் சட்டையைத் திறந்தார். நட்டநடு நெஞ்சில் நேர்கோடு. குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆபரேஷன் பண்ணினவன் இடம் தெரியாம அறுத்திருக்கான்!"

முதலுதவிப் பொறுப்பாளராக அவரையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அனுபவஸ்தர் ஆயிற்றே!

நான் சுருண்டு விழுந்தால், தயவுசெய்து முதலில் மாமாவை லிஃப்டில் அடைத்துவிடுங்கள். உங்கள் ஃபிளாட்ஸில் இந்தப் பொறுப்பு எந்த மாமாவிடம்?